கீழ்த்திரையில் நின்றுபோன பெயர்கள்

போன கிழமை றிஸ்னா கோல் எடுத்தாள். நான் வேலையை விட்ட பிறகு கொழும்புக் கம்பனியில் என் கதிரையில் இருப்பவள் அவள்தான். ஊரும் எங்கட பக்கம், சாய்ந்தமருது.

“சேர், உங்கட டிரைவருல ஒரே விசயத்த ரெண்டு அட்டவணையில எழுதி வெச்சிரிக்கீங்க. ஒண்டுக்குப் பேரு ‘கேட்டது’. மத்ததுக்கு ‘இருப்பது’. இப்ப நாங்க பூட்டுற ஒத்தத் திரையில எப்ப பார்த்தாலும் ரெண்டும் ஒரே மாதிரித்தான் இரிக்கி. ஒண்ட வெட்டிரவா?”

“வெட்டாதீங்க.”

“ஏன் சேர்?”

எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

“ரெண்டு வரி விளக்கம் போட்டு வெச்சிருந்தா நாங்க ஏன் கேக்கப் போறம்? ஊர் முழுக்க மத்தவன்ட புரோகிராம் கோடுக்கு விளக்கம் கேட்டுத் திரிஞ்ச ஆளு நீங்கதானாமே!” என்று சிரித்தாள்.

அவள் சொன்னது நியாயம். அந்த இடத்தில் இரண்டு வரி விளக்கம் இருக்க வேண்டும். பல தடவை எழுதப் போய், எழுதாமல் விட்டிருக்கிறேன். இரண்டு வரியில் அடங்குகிற விளக்கமாக அது எனக்கு ஒருநாளும் வரவில்லை.

என் வாப்பா கல்முனைக்குடிக் கடற்கரையில் தோணித் தொழிலாளி. உம்மாவும் வாப்பாவும் பெருவிரல்தான் வைப்பார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். ஊருக்கு வருகிற கடிதம், அரசாங்கக் கச்சேரித் துண்டு, மருந்துப் போத்தல் எல்லாம் என்னிடம்தான் வரும். நான் உரத்து வாசிப்பேன், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். நான் வாசித்தால் அது சரி. அந்த மரியாதை எனக்குச் சின்ன வயதிலேயே தலைக்கு ஏறிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படித்தேன், பசித்தேன், பாஸ் பண்ணினேன். பிறகு கொழும்பில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பனியில் சேர்ந்தேன். எட்டுப் பேர். வங்கிகளிலும் பஸ் நிலையங்களிலும் தொங்குகிற தகவல் திரைகள்தான் எங்கள் வியாபாரம். கணினியில் ஓடுகிற மென்பொருளுக்கும் திரையில் படம் காட்டுகிற மின்னணுச் சில்லுக்கும் நடுவில் ஒரு தரகர் வேண்டும். மென்பொருள் ‘இதைக் காட்டு’ என்று கேட்கும். சில்லுக்கு அந்தப் பாஷை தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று பேசுகிற நிரலைத்தான் டிரைவர் என்கிறோம். அதை எழுதுவது என் வேலை. மகன் கொழும்பில் டிரைவர் என்று வாப்பா ஊரில் சொல்லப்போய், லொறியா வேனா என்று கேட்டார்களாம்.

எனக்கு மேலே இருந்தவர் நிர்மலா மிஸ். காரைதீவுக்காரி, என்னைவிட ஆறேழு வயதுதான் மூப்பு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நிரலை அச்சடித்து மேசையில் விரித்து, ஒரு பிளாஸ்டிக் அடிமட்டத்தை வரிக்கு வரி இறக்கிக்கொண்டே வாசிப்பார். பிழை இருக்கிற இடத்தில் அடிமட்டம் நிற்கும். ஒன்றும் சொல்ல மாட்டார். நாங்களே கண்டுபிடிக்கும்வரை அது அங்கேயே நிற்கும். சந்தேகம் இருந்தால் பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி. ‘சரி’ என்று அவர் சொல்லி எங்களில் யாருக்கும் ஞாபகமில்லை.

அவர் எங்களிடம் கட்டாயப்படுத்திய ஒரு முறை உண்டு. வெளியிடத்தில் திரை பூட்டப் போகிறவர் ஒரு கொப்பி கொண்டுபோக வேண்டும். இடப் பக்கத்தில் நாம் திரையிடம் என்ன கேட்டோம் என்று எழுத வேண்டும். பிறகு கதிரையை விட்டு எழும்பி, திரைக்கு முன்னால் போய் நின்று, கண்ணால் பார்த்து, அங்கே என்ன இருக்கிறது என்று வலப் பக்கத்தில் எழுத வேண்டும். படம் மாறும்போதெல்லாம் இப்படி.

“கம்பியூட்டரிட்டயே கேக்கலாமே மிஸ்? அது சொல்லுமே என்ன ஓடுது எண்டு,” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது என்ன சொல்லும்?”

“நாங்க கேட்டது ஓடுது எண்டு சொல்லும்.”

“நீங்க கேட்டத அது திருப்பிச் சொல்றதுக்கு நீங்க என்னத்துக்கு அங்க போகவேணும், ஜவ்பர்? இஞ்சயே இருந்து தேத்தண்ணி குடிக்கலாமே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள், இது சின்னப்பிள்ளை வேலை என்றுதான் நினைத்தேன்.

அந்த நாளில் எங்கள் டிரைவரில் ஒரே அட்டவணைதான் இருந்தது. மென்பொருள் கேட்டதை அதில் எழுதுவோம். சில்லுக்கு ஏற்றமாதிரி அதே இடத்தில் திருத்துவோம். பிறகு யார் வந்து கேட்டாலும் அதையே வாசித்துச் சொல்வோம். எழுதியவன் நான். சிக்கனமாக எழுதியிருக்கிறேன் என்று பெருமையும் இருந்தது.

அப்போதுதான் கடல் வந்தது, சுனாமி.

நான் கொழும்பில் இருந்தேன். வாப்பாவும் உம்மாவும் தப்பினார்கள், வீடு தப்பவில்லை. நாலாம் நாள் எங்கள் முதலாளி, கிழக்குக் கரைக்கு நாலு சோடித் திரை அனுப்புவோம் என்றார். ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்களின் பெயர்களை முகாம்களில் காட்டுவதற்கு. கல்முனைக்கு நான் போகிறேன் என்றேன். எங்கள் ஊருக்கு என் படிப்பால் ஒரு பிரயோசனம் வந்த நாள் என்று அதை நினைத்தேன்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். மண்டப வாசலில் மேசை போட்டு, இரண்டு திரைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினேன். மென்பொருளுக்கு அது ஒரே உயரமான திரை. மேலே எது, கீழே எது என்று அதற்குத் தெரியாது. பிரித்துக் கொடுப்பது டிரைவர்தான். மேல்திரையில் திகதியும் நேரமும், அதன் கீழே கரையோர ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்களின் பெயர்கள். கீழ்த்திரையில் உள்நாட்டு ஆஸ்பத்திரிகளின் பெயர்கள். காலையும் பின்னேரமும் லொறிகளில் கடதாசி வரும், தொண்டர் பிள்ளைகள் தட்டச்சுச் செய்வார்கள், நான் திரைக்கு ஏற்றுவேன்.

முதல் நாளே கந்தப்பு அண்ணன் வந்தார். பாண்டிருப்பு ஆள். வாப்பாவோடு ஒரே தோணியில் பன்னிரண்டு வருடம் கடலுக்குப் போனவர். அவருடைய மனைவி பூமணி அக்காவை அலை கொண்டுபோனதையும், மத்தியானம்போல யாரோ அவரை உயிரோடு ஒரு உழவு மெசினில் ஏற்றியதையும் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த மெசின் எந்தப் பக்கம் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. வடக்கே ஆஸ்பத்திரி, தெற்கே ஆஸ்பத்திரி, உள்ளே ஆஸ்பத்திரி. பாலங்கள் உடைந்து கிடந்தன. கையில் இரண்டு பிள்ளைகள். ஒரு பக்கம்தான் போக முடியும்.

“தம்பி, எனக்கு எழுத்துத் தெரியாது எண்டு உனக்குத் தெரியும்தானே. வாசி.”

நான் திரைக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை உரத்து வாசித்தேன். அவருக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பூமணி என்ற பெயர் இல்லை.

“இல்ல அண்ணன்.”

“சரி. பின்னேரம் வாறன்.”

அவருடைய மகன் சுதனுக்குப் பதினாறு வயது. தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு நின்றவன், “உங்கட டீவில நல்ல பேரா ஒண்டும் வராதா அண்ண?” என்றான். தகப்பன் அவனை முறைத்தார். நான் அவன் தோளில் தட்டினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஜெனரேட்டர் நின்றது. கணினிக்குப் பற்றரி இருந்ததால் அது நிற்கவில்லை, திரைகள் மட்டும் செத்தன. கால் மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது, இரண்டும் எரிந்தன, பெயர்கள் தெரிந்தன. மேலேயும் கீழேயும் இரண்டொரு எழுத்துப்பிழையைத் திருத்தி ஏற்றினேன். கொப்பியின் இடப் பக்கத்தில் எழுதினேன்: ‘இரண்டு திரைகளும் மீண்டும் கேட்கப்பட்டன.’ கணினியிடம் கேட்டேன். திரை ஓடுகிறது என்றது. வலப் பக்கத்தில் ‘இரண்டும் ஓடுகின்றன’ என்று எழுதினேன். எழும்பிப் போகவில்லை. மேசையைச் சுற்றிச் சனம், ஆளாளுக்குக் கேள்வி. நடந்தால் எட்டு அடி.

அன்று பின்னேரம் புதுப் பட்டியல் ஏற்றினேன். கந்தப்பு அண்ணன் வந்தார். வாசித்தேன். மேல்திரையில் திகதி சரி, புதுப் பெயர்கள் இருந்தன. கீழ்த்திரையில் காலையில் இருந்த அதே பெயர்கள். உள்ளுக்கு ரோட்டு உடைந்து கிடக்கிறது, அங்கிருந்து கடதாசி வந்திராது என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

“இல்ல அண்ணன்.”

மூன்றாம் நாள் காலை, “இல்ல அண்ணன்.” மூன்றாம் நாள் பின்னேரம் அவர் கேட்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நான்காம் நாள் இரண்டு தரமும் வந்தார்.

“நல்லாப் பார்த்தியா, தம்பி? கடைசி வரி மட்டும்?”

“கடைசி வரி மட்டும் பார்த்தன் அண்ணன்.”

பொய்யில்லை. கடைசி வரிவரை வாசித்தேன்.

ஐந்தாம் நாள் காலை உள்நாட்டில் இருந்து லொறி கொண்டுவருகிற லத்தீப் காக்கா தொண்டர் பிள்ளைகளின் மேசையில் கடதாசியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்தார்.

“என்ன தம்பி, நான் மூணு நாளாக் கொண்டாற பேரு ஒண்டையும் கீழ காணல்லயே. குப்பையிலயா போடுற?”

“நீங்க கொண்டு வந்தீங்களா? ரோட்டு உடைஞ்சி கிடக்குதே?”

“ரோட்டு உடைஞ்சா லத்தீபும் உடைஞ்சிருவானா?”

தட்டச்சுச் செய்த கோப்பைத் திறந்தேன். பெயர்கள் எல்லாம் இருந்தன. மவுஸைப் பிடித்து அம்புக்குறியை மேல்திரையில் இருந்து கீழே இறக்கினேன். மேல்திரையின் அடி விளிம்பைத் தாண்டியது. கீழ்த்திரையில் அது வரவில்லை. மேலே கொண்டுபோனால் மேலே வரும். கீழே இறக்கினால் காணாமல் போகும். கீழ்த்திரை பளிச்சென்று எரிந்துகொண்டு, இரண்டாம் நாள் மத்தியானத்துப் பெயர்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மென்பொருள் கேட்டது ஒரே ஒரு திரையை. கீழ்த்திரை என்று தனியாக ஒன்றை அது ஒருநாளும் கேட்டதில்லை. அது டிரைவர் தானாகச் சேர்த்துக்கொண்டது. கரண்ட் போய் வந்தபோது டிரைவர் அட்டவணையை மென்பொருள் கேட்டபடி திரும்ப எழுதியது. அங்கே கீழ்த்திரைக்கு ‘கேட்கப்படவில்லை’ என்று விழுந்தது. கேட்கப்படாத திரைக்குப் புதுப் படம் கொடுக்கத் தேவையில்லை என்று நான் எழுதிய ஒரு வரி முடிவெடுத்தது. ஆனால் சில்லு அதை அணைக்கவில்லை. கடைசியாகக் கொடுத்த படத்தையே பிடித்துக்கொண்டு நின்றது. கேட்டது ஒன்று, இருப்பது வேறொன்று. இரண்டையும் எழுத எங்களிடம் ஒரே இடம்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலைக் கடதாசியில் பதினோராவது பெயர்: பூமணி, பாண்டிருப்பு, பெண்.

முகாமின் பின்பக்கம் ஓடினேன். கந்தப்பு அண்ணன் பிள்ளைக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணன், பேரு வந்திரிச்சி. உள்ளுக்கு. உயிரோட.”

அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய ஈரக் கை என் முதுகில் பட்டது இன்றைக்கும் தெரிகிறது. “நீ இல்லாட்டி நான் என்ன செய்வன்?” என்றார். லத்தீப் காக்காவின் லொறியில் முன்னால் ஏற்றினோம். நானும் போனேன். வழி நெடுக வயலுக்குள் கடல் தண்ணீர் நின்றது. அவர் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார். பூமணி அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சோறு பிடிக்காது, போன உடனே ஒரு பேக்கரியில் பாண் வாங்க வேணும் என்றார்.

வார்டில் வேலைசெய்த ஒரு அம்மா கட்டிலைக் காட்டினார். வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

“நேத்துப் பின்னேரம். காய்ச்சல் நெஞ்சுக்குள்ள இறங்கிட்டுது. முந்தாநாள் மட்டும் நல்லாக் கதைச்சவ. இவர் வருவார், இவர் வருவார் எண்டு வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தா.”

கந்தப்பு அண்ணன் வாங்கிவந்த பாண் பொட்டலத்தை என்னிடம் தந்துவிட்டு நிலத்தில் இருந்தார். அழவில்லை. “பேரு பிந்தித்தானே வந்தது, தம்பி. நீ என்ன செய்யிற?” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பெயர் பிந்தி வரவில்லை அண்ணன், மூன்றாம் நாளே வந்தது என்று. வாய் திறக்கவில்லை.

கொழும்பில் அறிக்கை எழுதினேன். ‘ஜெனரேட்டர் கோளாறினால் கீழ்த்திரை சில நாட்கள் புதுப்பிக்கப்படவில்லை.’ நிர்மலா மிஸ் அதையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிமட்டத்தை இறக்கினார். இரண்டாம் நாள் மத்தியானத்தில் அது நின்றது.

“வலப் பக்கம் எழுதினது நீங்களா?”

“ஓம் மிஸ்.”

“போய்ப் பார்த்துத்தான் எழுதினீங்களா?”

“ஓம் மிஸ்.”

அடிமட்டம் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவர் அதை எடுத்துவிட்டு, “அட்டவணையை ரெண்டாப் பிரிக்கவேணும். நீங்களே செய்ங்க,” என்றார்.

நாலு மாதம் பிடித்தது. மென்பொருள் எழுதுகிற அட்டவணை ஒன்று, அதை டிரைவர் தொடக்கூடாது. சில்லின் நிலையை எழுதுகிற அட்டவணை இன்னொன்று, அதை மென்பொருள் தொடக்கூடாது. கீழ்த்திரைக்கு முதலாவதில் ஒன்றும் இராது. இரண்டாவதில் சில்லிடம் கேட்ட அதன் நிலை இருக்கும். எரிகிறதா, அணைந்ததா, என்ன படம் என்ற எந்தக் கேள்விக்கும் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். எழுதச் சுகம். ஆனால் பழைய அட்டவணையை வாசிக்கிற ஒவ்வொரு வரியையும் தேடிப்பிடித்து, ‘நீ எதைக் கேட்கிறாய், கேட்டதையா, இருப்பதையா?’ என்று விசாரிக்க வேண்டியிருந்தது. அநேக இடங்களில் எழுதிய எனக்கே தெரியவில்லை. கேட்கப்படாத திரைக்குப் படம் வேண்டாம் என்ற அந்த ஒரு வரிக்கு வந்த அன்று நான் பகல் சாப்பிடவில்லை.

மிஸ் வெளிநாடு போகும்போது அவரவர் கொப்பியை அவரவரிடம் தந்தார். கல்முனைக் கொப்பியைப் புரட்டினேன். இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு நேரே, வலப் பக்கத்து ஓரத்தில், பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி. அவர் வேறொன்றும் எழுதவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை.

தாய் போய் ஒரு வருடம் ஆக முதல் சுதன் வீட்டை விட்டுப் போனான். வன்னிப் பக்கம், இயக்கத்தில் சேர என்று கதை வந்தது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை. போடாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

யுத்தம் முடிந்த வருடம் நான் லீவில் ஊரில் இருந்தேன். ஒரு காலை கந்தப்பு அண்ணன் படலையைத் தட்டினார். வாப்பா, “வாங்க கந்தப்பு, இரிங்க” என்று கதிரை இழுத்துப் போட்டார். அவர் இருக்கவில்லை. சட்டைப் பையில் இருந்து சுதனின் பள்ளிக்கூடப் படத்தை எடுத்தார்.

“அங்க வன்னிச் சனத்த வெச்சிருக்கிற முகாமுகள்ள இருக்கிற ஆக்கள்ற பேரு கம்பியூட்டருக்கு வந்திருக்காம். வாசி, தம்பி.”

யாரோ கைமாற்றிக் கைமாற்றி அனுப்பிய பட்டியல் ஒன்று என் லப்டொப்பில் இருந்தது. ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஒரு மணித்தியாலம். இல்லை.

“இல்ல அண்ணன்.”

“நீ வாசிச்சா சரி,” என்றார். படத்தைத் திரும்பப் பையில் போட்டார். “இல்லையெண்டா இல்லைதானே. செய்ய வேண்டியதச் செய்வம்.”

செய்ய வேண்டியது என்று அவர் சொன்னது மகனுக்கான கடைசிக் காரியத்தை. அந்தப் பழைய நம்பிக்கையை, ‘நீ வாசிச்சா சரி’ என்பதை, இன்னொரு தரம் வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கீழ்த்திரை நின்றது, பதினோராவது பெயர், எட்டு அடி நடக்காதது, அறிக்கையில் எழுதியது. வாப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். சொல்லி முடிய எனக்கு நெஞ்சு லேசாகியது. ஏசுவார், அல்லது மன்னிப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் ஏசவில்லை. மன்னிக்கவும் இல்லை. லப்டொப்புக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு, அந்த ஐந்து வருடத்தில் நான் காணாத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது.

“அப்ப, இதுவும் நிண்டு போன லிஸ்டா இருக்கலாம்தானே, தம்பி?”

ஓம் என்றும் சொல்ல ஏலாது, இல்லை என்றும் சொல்ல ஏலாது. அந்தப் பட்டியலை எவர், எங்கே, எந்த நாள் பார்த்து எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

“நாளைக்கு வாறன். திரும்ப ஒருக்காப் பார்.”

என் பாரத்தை இறக்கி வைக்க ஆள் தேடி, மகனுக்குக் காரியம் செய்து ஆறப் போன மனிதனின் தலையில் வைத்துவிட்டேன். அது விளங்க எனக்கு ஒரு முழு நாள் எடுத்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தார். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு றாத்தல் பாண், கடதாசியில் சுற்றி. கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தத் திரையை உற்றுப் பார்த்தார்.

“மேலயிருந்து வாசிச்சு வா,” என்றார்.